யாரும் கேட்காத ரஷ்

சனிக்கிழமை இரவுகளில் ரொறன்ரோ மதுக்கூடமொன்றில் பியானோ வாசிக்கிறேன். பாட்டுக் கேட்டு வரும் துண்டுச் சீட்டுகளில் 'ரஷ்' இல்லாத இரவு குறைவு. 1968இல் தொடங்கிய இந்த ஊர் ராக் குழுவல்லவா! ஆனால் எல்லாருக்கும் 'டொம் சோயர்'தான் வேண்டும். கிற்றாரும் ட்ரம்ஸும் சேர்ந்து இடிக்கவேண்டிய பாட்டு அது. தனிப் பியானோவில் உப்பில்லாத சொதி.

பியானோவுக்கு வாய்ப்பானவை மூலையில் கிடக்கின்றன. 1980இல் வந்த 'பெர்மனன்ட் வேவ்ஸ்' இசைத்தட்டில் 'டிஃபரன்ட் ஸ்ட்ரிங்ஸ்' என்றொரு மெதுவான பாட்டு. அதில் பியானோ வாசித்தவர் ஹியூ சைம். குழுவின் இசைத்தட்டு அட்டைகளை வடிவமைத்த அதே மனிதர். அட்டைக்காரருக்கு என்ன விரல்!

என் செல்லம் 1982இன் 'லூசிங் இட்'. ஆட முடியாமற்போன நடனக்காரியையும் எழுத்து வராமற்போன எழுத்தாளரையும் பற்றியது. அதில் வரும் பென் மிங்கின் மின்வயலினை வலக்கைக்குக் கொண்டுவருவேன். இடக்கை ஐந்தைந்தாக எண்ணும். சின்ன வயது மிருதங்க வகுப்பின் நினைவில் இடது பாதம் தன்பாட்டில் கண்டநடை போடும். குழுவே இதை மேடையேற்றியது 2015இல், ட்ரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட்டின் கடைசிச் சுற்றுப்பயணத்தில்தான்.

அடுத்தமுறை சீட்டில் இவ்விரண்டில் ஒன்றை எழுதுங்கள். 'டொம் சோயரை' எப்படியும் பக்கத்து மேசை கேட்கும்.