மௌன நகரம் இம்தினா

சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் உள்ளது மால்ட்டாத் தீவு. அதன் உட்பகுதியில், மேடொன்றின்மீது மதில் சூழ நிற்கிறது இம்தினா. ‘மௌன நகரம்’ என்பது அதன் மறுபெயர். மதிலுக்குள் வசிப்போர் 300 பேருக்கும் குறைவே. வெளியூர் மோட்டார் வண்டிகளுக்குப் பொதுவாக அனுமதியில்லை. தேன்நிறச் சுண்ணாம்புக்கல் மாளிகைகளிடையே வளைந்து செல்லும் குறுகிய தெருக்களில் காலடியோசையும் தேவாலய மணியோசையுமே கேட்கும்.

இம்மௌனம் பிற்காலத்தில் வந்தது. முன்னர் தீவின் தலைநகரம் இதுவே. 1421-இல் அரகோன் மன்னர் ஐந்தாம் அல்போன்சோ, பணமுடையால், மால்ட்டாவை 30,000 பொற்காசுகளுக்குப் பிரபு ஒருவரிடம் அடகு வைத்தார். பின்னர் அவ்வடகு மற்றொருவர் கைக்கு மாறியது. மக்கள் பொறாது கிளர்ந்தெழுந்தனர்; அத்தொகையைத் தாமே திரட்டித் தீவை மீட்க முன்வந்தனர். பருத்தியே முக்கியப் பணப்பயிராயிருந்த அச்சிறு தீவினருக்கு அது பெருஞ்சுமை. இனித் தீவைப் பிறருக்கு அளிப்பதில்லை என 1428-இல் மன்னர் சாசனம் வழங்கினார்.

அச்சாசனம் நிலைக்கவில்லை. 1530-இல் அரகோன் அரசுரிமை பெற்றிருந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், ஆண்டுக்கு ஒரு வல்லூறு என்னும் பெயரளவு வரிக்கு, தீவைப் புனித யோவான் வீரசபையாருக்கு அளித்துவிட்டார். கப்பற்படை வைத்திருந்த அவர்கள் துறைமுகத்தருகே தங்கினர். 1571-இல் தலைநகரம் வல்லெட்டாவுக்கு மாறிற்று; இம்தினா அமைதியில் ஆழ்ந்தது. 1693 நிலநடுக்கத்தில் இடிந்த அதன் பேராலயம் மீண்டும் எழுந்தது. இழந்த தலைமை மீளவில்லை.

மால்ட்டா விடுதலை பெற்றது 1964-இல். பாடுபட்டு உரிமையை மீட்டால் மட்டும் போதாது. அதைக் காக்கும் அதிகாரமும் மீட்டவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதை அம்மதில்கள் இன்றும் உணர்த்துகின்றன.