செய்நிரலும் நூலிலக்கணமும்

கணினிக்கு மனிதன் இடும் கட்டளைகளின் ஒழுங்கான தொகுதி செய்நிரல் எனப்படும். அதனைக் கணினி வாசிக்கின்றது என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், மனிதரும் அதனை வாசிக்க வேண்டியவராயுள்ளனர் என்பது பலர் கருத்திற் கொள்ளாததொன்று. செய்நிரல் எழுதி முடிந்த நாளிலேயே அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. விலை மாறும், சட்டம் மாறும், கணினியும் மாறும். மாற்றத்திற்கேற்பச் செய்நிரலைத் திருத்த வேண்டிய காலத்தில், அதனை எழுதியவர் வேறிடம் சென்றிருப்பார். அன்றேல், எழுதியதைத் தாமே மறந்திருப்பார். அக்காலத்தில் அதனைத் திறந்து பார்க்கும் மற்றொருவருக்கு அது விளங்குமாறு எழுதுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையாக மேனாட்டில் அரை நூற்றாண்டுக் காலத்தில் நூல்கள் பல தோன்றியுள்ளன. அவை கூறுவன யாவை என்பதும், அவற்றைத் தமிழ் மாணவர் எவ்வளவைகொண்டு மதிப்பிடலாம் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

1968ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் யேர்மனியின் கார்மிஷ் நகரிற் கணினி அறிஞர் கூடிய மாநாடொன்று நிகழ்ந்தது. பெரிய மென்பொருள்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை. மதிப்பிட்ட செலவுக்குள் அடங்குவதில்லை. முடிந்தபின்னும் பிழை மலிந்திருக்கின்றன என்பது அங்கு வெளிப்படையாகப் பேசப்பட்டது. அதே ஆண்டில் ஒல்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்திரா ஒரு கடிதம் வெளியிட்டார். செய்நிரலில் ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்கு விருப்பம்போற் பாய்ந்து செல்லும் கட்டளை, வாசிப்போன் அறிவைக் கலக்குகின்றது என்பது அக்கடிதத்தின் சாரம். இவ்விரண்டும் ஓருண்மையைப் புலப்படுத்தின. கணினியின் வேகத்தைப் பெருக்குவதினும், மனிதன் தான் எழுதியதைத் தானே விளங்கிக்கொள்ளுமாறு செய்வது அரிது என்பதே அது.

1974ஆம் ஆண்டிற் பிரயன் கெர்னிகன், பிளாகர் என்னும் இருவரும் 'செய்நிரல் நடையின் கூறுகள்' என்னும் பொருள்படும் தலைப்புடைய சிறு நூலொன்றை வெளியிட்டனர். ஆங்கில உரைநடை எழுதுவோர்க்கு வழிகாட்டியாய் வழங்கிய ஒரு நூலின் பெயரையும் போக்கையும் தழுவி அஃது அமைந்தது. அந்நூலாசிரியர் குற்றமுள்ள எடுத்துக்காட்டுகளைத் தாமே புனைந்திலர். மாணவர்க்குக் கற்பிக்கவென அச்சிடப்பட்ட பாடநூல்களிலிருந்தே அவற்றை எடுத்தனர். குறை இன்னதெனக் காட்டினர். பின்னர்த் திருத்தி எழுதினர். கற்பிக்க வந்த நூல்களிலேயே இத்துணைக் குறை உண்டாயின், அலுவலக அலுமாரிகளிற் கிடக்கும் செய்நிரல்களின் நிலை யாது என வாசகர் தாமே உய்த்துணர்ந்தனர்.

பின்வந்தோர் இவ்வழியை விரித்தனர். டொனால்ட் கனூத் என்னும் பேரறிஞர் 1984இல் எழுதிய கட்டுரையொன்றில், செய்நிரல் எழுதுவோன் தன்னைக் கட்டுரையாளனாகக் கருதுதல் வேண்டும் என வற்புறுத்தினார். சொன்னவண்ணமே செய்தும் காட்டினார். அச்சுக்கோப்பிற்கென அவர் இயற்றிய 'டெக்' என்னும் மென்பொருளின் முழுச் செய்நிரலும், விளக்கத்துடன், 1986இல் ஒரு புத்தகமாகவே வெளிவந்தது. மார்ட்டின் பவுலர் 1999இல் வெளியிட்ட நூல், இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரலின் பயன் மாறாவண்ணம் அதன் உள்ளமைப்பைச் சிறிது சிறிதாகச் செப்பனிடும் முறையை வகுத்துரைத்தது. இராபர்ட் மார்ட்டின் 2008இல் எழுதிய 'கிளீன் கோட்' என்னும் நூல் தூய நிரலின் இயல்பைக் கூறுவது. இன்றும் இளைஞர் பலராற் படிக்கப்படுவது.

இனி, இந்நூல்களை அளக்கத் தமிழர்க்கு ஓர் அளவுகோல் உண்டு. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நூல் என்பது எத்தன்மையது என விரித்துரைக்கின்றது. நூலிற்கு ஆகாத குற்றம் பத்து, வேண்டும் அழகு பத்து, கையாளும் உத்தி முப்பத்திரண்டு என அது வரையறுக்கும். ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையுடன் நம் பாடசாலைகளிற் பயிலப்பட்டு வந்த பகுதி இது. இலக்கண நூலுக்கு வகுத்த இவ்விதிகள் செய்நிரலுக்கும் பெரிதும் பொருந்துதல் வியப்பன்று. இரண்டும் விதிகளை ஒழுங்குபடக் கூறுவன. இரண்டும் பிறர் கையாளுதற்கென எழுதப்படுவன.

கூறியது கூறல் என்னும் குற்றத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வாவியின் மேற்கே, படுவான்கரையில், நெற்கொள்வனவு செய்யும் கூட்டுறவுச் சங்கமொன்றிற்குச் செய்நிரல் எழுதப்படுகின்றது எனக் கொள்க. மூடையொன்றின் விலை, எழுதுவோராற் செய்நிரலில் ஐந்திடங்களில் எண்ணாகவே எழுதப்படுகின்றது. அடுத்த போகத்தில் விலை உயர்கின்றது. திருத்த வந்தவர் நான்கிடங்களை மாற்றுகின்றார், ஐந்தாவதைக் காணவில்லை. கணினி எதனையும் ஐயுறாது. சில உழவர்க்குப் புதுவிலையும் சிலர்க்குப் பழைய விலையும் கணக்கிட்டுவிடும். இலக்கண நூலிற் கூறியது கூறல் வாசகனுக்குச் சலிப்பை மட்டுமே தரும். செய்நிரலிலோ, அஃது உழவன் கைப்பணத்தைக் குறைக்கும். விலையை ஓரிடத்தில் மட்டும் எழுதி, அதற்கு 'நெல்விலை' எனப் பெயரிட்டு, ஏனைய இடங்களில் அப்பெயரையே ஆளுக என்பது மேலே கூறிய நூல்கள் யாவற்றுக்கும் உடன்பாடான விதி.

பிற குற்றங்களும் இவ்வாறே காணப்படும். 'அ', 'ஆ' எனப் பொருளற்ற பெயர்களை இட்டு, எது விலை, எது நிறை எனத் தெரியாவண்ணம் எழுதுதல் மயங்க வைத்தலாம். விலையைக் கணக்கிடுவதற்கென அமைந்த கூறொன்று, கணக்கிடுவதோடமையாது பற்றுச்சீட்டை அச்சிடவும் முற்படுதல் மற்றொன்று விரித்தலின்பாற்படும். முன்னொரு காலத்திற்கென எழுதப்பட்டு, இப்பொழுது எவராலும் அழைக்கப்படாத பகுதியை நீக்காது வைத்திருத்தல் நின்று பயனின்மையாகும். என்றேனும் வேண்டப்படலாமென எண்ணி, இன்று எவருக்கும் வேண்டாத வசதிகளைச் சேர்த்தல் மிகைபடக் கூறல். மேனாட்டு நூல்கள் இவற்றுக்கு வேறுவேறு பெயரிட்டு வழங்கும்; குற்றம் ஒன்றே.

அழகுகளை நோக்குமிடத்து ஒரு சிக்கல் எழுகின்றது. சுருங்கச் சொல்லலும் ஓரழகு. விளங்க வைத்தலும் ஓரழகு. இரண்டும் முரணுமாயின் எதனைக் கொள்வது? மார்ட்டின், செய்நிரலின் ஒவ்வொரு கூறும் மிகச் சிறிதாதல் வேண்டும் என்பர். விளக்கக் குறிப்பு எழுத நேர்வது, செய்நிரல் தானே தெளிவாய் அமையாமையின் அடையாளம் என்பதும் அவர் கருத்து. 2018இல் நூலெழுதிய ஜோன் ஊஸ்டர்ஹவுட் இதனை மறுப்பர். அளவுமீறித் துண்டாக்கிய செய்நிரலில் வாசகன் ஒரு பொருளை அறியப் பல துண்டுகளைத் தேடி அலைய நேரும் என்றும், ஆசிரியன் ஏன் அவ்வாறு செய்தான் என்பதைக் குறிப்பன்றி நிரல் மட்டும் உணர்த்தமாட்டாது என்றும் அவர் கூறுவர்.

தமிழ் மரபில் நிற்போர் இவ்வழக்கில் ஊஸ்டர்ஹவுட் பக்கமே சாய்வர். சூத்திரம் சுருங்கியிருத்தல் அழகேயாயினும், உரையின்றி அதனைக் கற்பார் இலர். இதற்குச் சான்று தொலைவில் தேடவேண்டியதில்லை. காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் பெற்று, மட்டக்களப்பிற் கல்வி வளர்த்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழை ஆராய்ந்து 1947இல் 'யாழ்நூல்' வெளியிட்டார். சிலப்பதிகார அரங்கேற்றுகாதையில் யாழாசிரியன் அமைதி கூறும் சில அடிகள் அவ்வாராய்ச்சிக்கு வித்தாயின. அவ்வடிகளின் பொருளை அணுகுவதற்கு அரும்பதவுரையும் அடியார்க்குநல்லார் உரையும் துணைநின்றன. கருவியும் மறைந்து, அதனை இசைத்தோரும் மறைந்தபின், அதன் அமைப்பைக் கணித்தறிய ஒருவருக்கு வாயில் திறந்தவை அவ்வுரைகளே. ஒரு குறிப்பினால் விளையும் பயன் அதனை எழுதிய காலத்தில் தோன்றாது போகலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? ஒன்று மட்டும் கருதத்தக்கது. நூல் மாறுவதன்று, ஆகலின் உரையும் பழுதாவதில்லை. செய்நிரலோ மாறுவது. நிரலைத் திருத்தியவர் குறிப்பைத் திருத்தாது விடின், அக்குறிப்புப் பொய்யுரையாகி வாசிப்போரை வழி தவறச் செய்யும்.

இவ்வாராய்ச்சி வெறும் நடைபற்றியதன்று, உயிர்பற்றியதுமாம். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரைக் கவர்ந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் அமைந்த நாவலடியும் கல்லடியும் பேரழிவுற்றன. காணாமற் போனோர் யார், முகாம்களில் இருப்போர் யார், எவ்வூருக்கு எப்பொருள் வேண்டும் என ஒருங்கே அறிதற்குக் கருவி அப்பொழுது இல்லை. இலங்கைக் கணினியாளர் பலர் தன்னார்வத்துடன் ஒன்றுகூடி, விரைந்து ஒரு மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் ஆறுதல், நிவாரணம் எனப் பொருள்படும் 'சகன' என்பதே அதன் பெயராயிற்று. அது யாவரும் பெற்றுத் திருத்திக்கொள்ளத்தக்க கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010இல் எயிற்றி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது.

இவ்வரலாற்றில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. ஒரு நாட்டில் ஒரு துயரத்தின்போது எழுதப்பட்டது, முன்பின் அறியாத பிறநாட்டாரால், வேறொரு துயரத்தின் நடுவே வாசித்துத் திருத்தப்பட வேண்டியதாயிற்று. அத்தகையோர்க்கு ஆசிரியரை அழைத்துப் பொருள் கேட்க அவகாசம் இராது. முதலிற் பி.எச்.பி. என்னும் கணினிமொழியில் எழுதப்பட்ட அது, பின்னர்ப் பைதன் மொழியிற் புதிய அமைப்புடன் 'சகன ஈடன்' என எழுதப்பட்டது. விரைந்து எழுதியது தவறென்று எவரும் கூறார். பிணங்கள் கரையொதுங்கும் நாளில் நடையழகு தேடுதல் அறிவுடைமையன்று. ஆயின், விரைவிற்கு ஒரு விலை உண்டு. வார்ட் கன்னிங்காம் என்பவர் 1992இல் இதனைக் கடனுக்கு ஒப்பிட்டார். தேவைக்குக் கடன் வாங்கலாம். திருப்பிக் கொடாதுவிடின் வட்டி பெருகி முதலை விழுங்கும். அவசரத்தில் எழுதியதை ஆறியிருந்து செப்பனிடுதல் அக்கடனை இறுத்தலாகும்.

ஆதலின், கணினி பயிலும் நம் மாணவர் இந்நூல்களைக் கற்றல் நன்று. கற்குங்கால் அவற்றை மறுக்கவொண்ணாச் சட்டமாகக் கொள்ளற்க. அவற்றின் எடுத்துக்காட்டுகள் அவ்வக்காலத்துக் கணினிமொழிக்கு உரியன. கெர்னிகன் ஆண்ட போர்ட்ரானை இன்று பயில்வோர் சிலரே. பவுலரும் தம் நூலின் இரண்டாம் பதிப்பை 2018இல் வேறொரு மொழியின் எடுத்துக்காட்டுகளுடன் எழுத நேர்ந்தது. எடுத்துக்காட்டு மாறினும், மாறாது நிற்பது வாசிப்போன் மாட்டுக் கொள்ளும் பரிவு. அதனைப் பெறுதற்கு நூற்கல்வி மட்டும் போதாது. பிறர் எழுதிய செய்நிரலை வாசித்தல் வேண்டும். தாம் எழுதியதை உடன்பயில்வோர் ஒருவரிடம் கொடுத்து, வாய்திறவாது அருகிலிருந்து, அவர் எவ்விடத்தில் தயங்குகின்றார் என நோக்குதல் வேண்டும். அவர் தயங்குமிடமே திருத்தவேண்டிய இடம். இப்பழக்கம் கைவரப் பெற்றோர் எழுதும் செய்நிரல், அவரை அறியாதார் கையிலும் பிழையின்றிப் பயன்தரும்.