சாவை முன்பே சொன்ன தையல்காரப் பெண்! சொன்னபடியே நடந்தது

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், ஆன் ஆர்பர் நகரில் 1895-ல் நடந்தது இது.

வாட்டமாக இருந்த ஒரு தையல்காரப் பெண்ணிடம் டாக்டர் ஆல்டிரட் வார்தின் காரணம் கேட்டார். சின்ன வயசிலேயே செத்துப் போவேன் என்றார் அந்தப் பெண். உறவினர் பலர் வயிறு, குடல், கர்ப்பப்பை புற்றுநோயில் மாண்டவர்களாம்.

டாக்டர் அலட்சியம் செய்யவில்லை. குடும்பத்தின் சாவுக் கணக்கை எடுத்து 1913-ல் வெளியிட்டார். 1919-ல் கர்ப்பப்பை புற்றுநோய் அந்தப் பெண்ணையும் பலி வாங்கியது.

சாபம் அல்ல

1993-ல் எம்.எஸ்.எச்.2 என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. செல்கள் பெருகும்போது விழும் பிழைகளைத் திருத்துவது இதன் வேலை. அந்தக் குடும்பத்தில் பழுதானது இதுதான். பிழைகள் சேர்ந்தால் குடலில் புற்றுக்கட்டி கிளம்பும். 'லிஞ்ச் நோய்' என்கிறார்கள். தாய், தகப்பன் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

தப்ப வழி

ரத்தப் பரிசோதனையில் இந்தப் பழுது தெரிந்துவிடும். தெரிந்தவர்களுக்கு 1 அல்லது 2 வருஷத்துக்கு ஒருமுறை, கேமரா பொருத்திய குழாயை விட்டுக் குடலைப் பார்க்கிறார்கள். சின்னக் கட்டியை அப்போதே வெட்டி எடுத்துவிடலாம்.

பாட்டி எந்த நோயில் போனார், பெரியப்பா எதில் போனார்? வீட்டில் கேட்டு வையுங்கள். பலருக்குக் குடல் புற்று என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்!