1947 ஆகஸ்ட் 15-இல் கோலார் தங்கவயல் எந்த நாட்டில் இருந்தது? ஒப்பந்தங்கள் கூறும் விடை

கோலார் தங்கவயல்: இந்தியா விடுதலை பெற்ற நாளில் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்தன. நிலமோ மைசூர் மகாராஜாவுக்கு உரியது. சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர்கள். அன்று இந்த ஊர் எந்த நாட்டில் இருந்தது என்பது, புதிய நாடுகளுக்குச் சட்ட அங்கீகாரம் எவ்வாறு கிடைக்கிறது என்பதோடு தொடர்புடைய கேள்வியாகும்.

மக்கள், வரையறுக்கப்பட்ட நிலம், அரசு, பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் திறன் ஆகிய நான்கும் ஒரு நாட்டுக்கு வேண்டும் என்கிறது 1933-ஆம் ஆண்டின் மான்டிவிடியோ உடன்படிக்கை. அமெரிக்கக் கண்ட நாடுகள் செய்துகொண்டதே எனினும், இன்றும் சட்ட வல்லுநர்கள் எடுத்துக்காட்டும் அளவுகோல் இதுதான். மைசூரிடம் முதல் மூன்றும் இருந்தன. நான்காவது இல்லை.

அதற்குக் காரணம், 1881-இல் ஆங்கிலேயர் ஆட்சியை மன்னர் குடும்பத்திடம் திருப்பியளித்தபோது எழுதப்பட்ட ஆட்சி ஒப்படைப்பு ஆவணம். வெளி அரசுகளுடன் மைசூர் தொடர்பு கொள்ள அது தடை விதித்தது. நின்றுபோன மைசூர் நாணயத்தை மீண்டும் வெளியிடவும் கூடாது என்றது. இந்தியாவின் தங்கத்தில் ஏறக்குறைய முழுவதையும் வெட்டியெடுத்த மண்ணுக்குத் தன் பெயரில் ஒரு காசு அச்சடிக்கும் உரிமை இல்லை.

இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. அடிமை நாடாக இருந்தபோதே 1919-இல் வெர்சாய் உடன்படிக்கையில் அதன் பெயரில் கையெழுத்திடப்பட்டது. 1945 ஜூன் 26 அன்று ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இந்தியாவுக்காக ஆற்காடு ராமசாமி முதலியார் கையெழுத்திட்டார். எனவே 1947-இல் இந்தியா புதிதாக விண்ணப்பிக்க நேரவில்லை. பழைய உறுப்புரிமையே தொடர்ந்தது. பாகிஸ்தான்தான் விண்ணப்பித்து, செப்டம்பர் 30 அன்று ஐ.நா.வில் சேர்ந்தது.

இதே ராமசாமி முதலியார் 1946 முதல் மைசூரின் திவானாகப் பணியாற்றினார் என்பது கவனிக்கத்தக்கது. உலக அரங்கில் இந்தியாவுக்குக் கையெழுத்திட்டவர், மைசூர் தன் கதியை முடிவு செய்தபோது அதன் நிர்வாகத் தலைவராக இருந்தார்.

அந்த முடிவை அவசியமாக்கியது இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7-வது பிரிவு. சமஸ்தானங்களுடன் பிரிட்டிஷ் மன்னர் செய்திருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் காலாவதியாகும் என்றது அது. கட்டு அறுந்தது உண்மை. ஆனால் தனி நாடாக ஏற்க எவரும் முன்வரவில்லை. 1948-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையை நாடிய ஐதராபாத்துக்கும் அந்த அங்கீகாரம் கிட்டவில்லை.

மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் 1947 ஆகஸ்ட் 9 அன்று இணைப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டார். கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் அதை ஏற்றதோ ஆகஸ்ட் 16 அன்று. ஆக, விடுதலை நாளில் மன்னரின் ஒப்புதல் இருந்தது, டெல்லியின் ஏற்புக் கையெழுத்து இல்லை. தலைப்பில் உள்ள கேள்விக்கு ஏட்டளவில் கிடைக்கும் விடை, ஒரு நாள் இடைவெளி என்பதே.

பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்று துறைகளே இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. தங்கம் மைசூரிடமே இருந்தது. மக்களாட்சி கோரிய போராட்டத்துக்குப் பின், கோலார் மாவட்டத்தில் பிறந்த கே.சி. ரெட்டி அக்டோபர் 25 அன்று முதல்வரானார்.

தொழிலாளர்களைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் அடுத்து வந்தது. ஆங்கிலேயர் காலச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை; மைசூரில் பிறந்தவர் பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர் மட்டுமே. 1949 நவம்பர் 25 அன்று மன்னர் இந்திய அரசியல் சாசனத்தை ஏற்றுப் பிரகடனம் வெளியிட்டார். குடியுரிமை பற்றிய 5-வது பிரிவு மறுநாளே நடைமுறைக்கு வந்து, அந்த வேறுபாட்டை நீக்கியது.

புதுச்சேரியின் வழி வேறு. அங்கு எதிர்த்தரப்பு பிரான்ஸ் என்ற இறையாண்மை கொண்ட நாடு என்பதால், 1954-இல் நிர்வாகம் கைமாறிய பின்னரும் 1956-இல் ஒப்பந்தமும் 1962-இல் அதன் ஒப்புறுதியும் தேவைப்பட்டன. தமிழர் மிகுந்த தங்கவயல் 1956-இல் மாநில மறுசீரமைப்பின்போது மைசூரிலேயே நீடித்ததற்கோ நாடாளுமன்றச் சட்டம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அதே 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. இணைப்பு ஆவணத்தில் இடம்பெறாத தங்கச் சுரங்கங்கள் 1962-இல் மத்திய அரசின் கைக்குச் சென்றன. 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன.