விளையாட்டை நம்பிப் பிழைக்கலாமா?

"விளையாட்டு சோறு போடுமா?" கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பந்தும் கையுமாகத் திரியும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. கோடிகளில் புரளும் நட்சத்திரங்களைக் காட்டி, "போடும்" என்கிறான் பிள்ளை. பெயர் தெரியாமல் காணாமற்போன பலரை எண்ணி, "போடாது" என்கிறார் அப்பா. இருவருமே பார்க்க மறந்த ஒரு கூட்டம் நடுவில் இருக்கிறது. அவர்கள் நட்சத்திரங்களும் இல்லை, தோற்றுப் போனவர்களும் இல்லை. இன்று ஒரு நாடு, அடுத்த ஆண்டு வேறொரு நாடு என்று ஆடிப் பிழைப்பவர்கள். இந்தக் கேள்விக்கு உண்மையான விடை அவர்களிடம்தான் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் இவர்களை 'ஜர்னிமேன்' என்பார்கள். பயணம் செய்பவர் என்று பலர் பொருள் கொள்கிறார்கள். அது சரியன்று. 'நாள்' என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தொழில் கற்று முடித்தும் சொந்தப் பட்டறை இல்லாமல், நாட்கூலிக்கு வேலை செய்த கைவினைஞருக்கு அன்று வழங்கிய பெயர். பெயர் போட்டு நாள் சம்பளம் வாங்கிய தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கூடைப்பந்தை எடுத்துக்கொள்வோம். மலைச்சரிவில் சமதளம் கிடைப்பது அரிது. கூடைப்பந்துத் திடலுக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் போதும். ஒரு காற்பந்துத் திடலின் இடத்தில் இப்படிப் பதினேழு திடல்கள் அடங்கும். ஆனாலும் மலேசியாவில் இந்த ஆட்டம் பெரும்பாலும் சீனப் பள்ளிகளிலும் சீனச் சங்கங்களிலும்தான் வளர்ந்தது. அதையும் தாண்டி குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி போன்ற தமிழர்கள் தேசிய அணியின் சட்டையை அணிந்தார்கள். ஆகவே, நம்மவருக்கு இது எட்டாத ஆட்டம் என்று சொல்வதற்கில்லை. எட்டிய பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதே கேள்வி.

பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில், 1995இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் சத்னாம் சிங். உயரம் ஏழடி இரண்டு அங்குலம். லூதியானாவில் பயிற்சி பெற்று, 2010இல் உதவித்தொகையோடு அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்றார். 2015 ஜூன் மாதம் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52ஆவது ஆளாகத் தேர்வு செய்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ. தேர்வில் இடம் பெற்றது அதுவே முதல் முறை. நாடே கொண்டாடியது.

கொண்டாட்டத்தில் ஒரு விவரம் மறைந்து போனது. அந்தத் தேர்வில் முதல் சுற்றில் வரும் முப்பது பேருக்குத்தான் உறுதியான ஒப்பந்தம் காத்திருக்கும். இரண்டாம் சுற்றில் வருபவருக்கு அணியில் இடம் உறுதியில்லை. சத்னாம் கீழ்நிலை லீக்கில் டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு ஆடினார். என்.பி.ஏ.வில் புதிய ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் அப்போது ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. கீழ்நிலை லீக்கிலோ ஒரு பருவத்துக்கு முப்பதாயிரம் டாலர்கூட இல்லை. ஒரே பந்து, ஒரே உழைப்பு. ஒரு படி கீழே இறங்கினால் சம்பளம் இருபதில் ஒரு பங்கு!

என்.பி.ஏ.வின் வழக்கமான போட்டி ஒன்றில்கூட சத்னாம் ஆடவில்லை. பின்னர் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்குப் போனார். 2019இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். உடலில் இருந்தது ஹைஜெனமின் என்ற பொருள். சில மூலிகைகளிலும் சத்து மாவு, மாத்திரைகளிலும்கூட அது கலந்திருக்கும். இரண்டாண்டுத் தடை விழுந்தது. 2021இல் அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். இருபத்தைந்து வயதில் தொழிலே மாறிவிட்டது.

கனடாவில் பஞ்சாபியப் பெற்றோருக்குப் பிறந்த சிம் புல்லர் கதை வேறு. உயரம் ஏழடி ஐந்து அங்குலம். 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணி அவருக்குப் பத்து நாள் ஒப்பந்தம் கொடுத்தது. இந்திய வம்சாவளியில் என்.பி.ஏ. போட்டியில் இறங்கிய முதல் ஆள் அவரே. முதல் நாள் களத்தில் நின்றது 16 வினாடி. மொத்தம் ஆடியது மூன்று ஆட்டங்கள். ஆனால் அவர் மனம் தளரவில்லை. தைவானுக்குச் சென்று அங்கே பல ஆண்டுகள் ஆடினார்.

பத்து நாள் ஒப்பந்தம் என்றால் என்ன? பருவத்தின் நடுவில், ஜனவரிக்குப் பிறகு, ஓர் அணி ஒருவரைப் பத்து நாளுக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளலாம். ஒரே அணி ஒரே பருவத்தில் இப்படி இரண்டு முறைதான் செய்யலாம். அதன் பிறகு பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அனுப்பிவிட வேண்டும். அந்த லீக்கில் ஓய்வூதியம் பெற மூன்றாண்டுச் சேவை வேண்டும். பத்துப் பத்து நாளாகச் சேர்த்து அந்தக் கணக்கை எட்டுவது எளிதா?

மலேசியாவுக்கும் இத்தகைய ஆட்டக்காரர்கள் வந்ததுண்டு. 2009இல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் கோலாலம்பூரின் டிராகன்ஸ் அணி 2016இல் வெற்றிக் கிண்ணத்தை வென்றது. அந்த அணியில் பந்தை நடத்தியவர் ஜேசன் பிரிக்மன். அமெரிக்காவில் பிறந்தவர், தாய் பிலிப்பைன்ஸ்காரர். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் சக ஆட்டக்காரர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பந்தைக் கொடுத்துப் புள்ளி எடுக்க வைத்தவர். அந்தச் சாதனையை அவருக்கு முன் எட்டியவர்கள் மூவரே. அப்படிப்பட்டவரும் மாஸ்கோ, கோலாலம்பூர், பாங்காக், மணிலா, தைவான் என்று அணி மாறிக்கொண்டே இருந்தார். திறமை குறைவால் அல்ல. என்.பி.ஏ.வில் இருப்பவை முப்பது அணிகள், ஏறத்தாழ 450 இடங்கள். உலகமே அந்த இடங்களுக்குப் போட்டியிடுகிறது.

இவர்களுடைய ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு. மாதச் சம்பளம், தங்க வீடு, போய்வர விமானச் சீட்டு ஆகியவற்றை அணி கொடுக்கும். முகவருக்குப் பத்து விழுக்காடு வரை போகும். ஒரு நாட்டு லீக்கிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக, விடுவிப்புக் கடிதம் வேண்டும். முழங்கால் போனால், அல்லது அணிக்கு வேறு ஆள் பிடித்துப்போனால், ஒப்பந்தம் முறியலாம். அன்றே வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு பழைய வலி நினைவுக்கு வரும். 1929இல் 'போ' தேயிலை நிறுவனம் தொடங்கிய காலம் முதல் இந்த மலையில் கொழுந்து பறித்தவர்கள் தமிழர்கள். வேலையோடு சேர்ந்ததுதான் லயத்து வீடு. வேலை நின்றால் வீடும் நின்றது. மலேசியத் தோட்டங்கள் பலவற்றில், நாற்பது ஆண்டு உழைத்தவர்களும் ஓய்வு பெற்ற நாளில் கூரை தேடி அலைந்தார்கள். சம்பளமும் கூரையும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கை விடும்போது இரண்டும் விழும். தேயிலைக்கும் பொருந்தும் பாடம் இது, கூடைப்பந்துக்கும் பொருந்தும்.

தமிழ்நாடு வேறொரு வழியைக் கண்டது. சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்றவை கூடைப்பந்து வீரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தி வந்தன. ஆடும்வரை ஆட்டம், கால் ஓய்ந்தால் அலுவலக நாற்காலி. வடக்கே விசேஷ் பிருகுவன்ஷி, அம்ரித்பால் சிங் ஆகியோர் எண்ணெய் எரிவாயுக் கழகத்தில் வேலையை வைத்துக்கொண்டே 2017இல் ஆஸ்திரேலிய அணிகளுக்குத் தேர்வானார்கள். இந்தியாவில் 2015இல் யூ.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் தொடங்கி இரண்டே ஆண்டில் நின்றுபோனது. வேலை உள்ளவன் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. ஆட்டத்தை மட்டும் நம்பியவன் நடுத்தெருவில் நின்றான்.

இந்த வழியிலும் குறை உண்டு. நிரந்தர வேலையின் நிம்மதி சிலரை உள்ளூரிலேயே கட்டிப்போட்டுவிடும். துணிந்து வெளியே போகிறவன்தான் ஆட்டத்தில் வளர்கிறான் என்பதையும் மறுக்க முடியாது.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்யலாம்? பந்தைப் பிடுங்கி வைக்க வேண்டாம். ஒப்பந்தம் என்று யார் வந்தாலும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். காயம் பட்டால் சம்பளம் தொடருமா? ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் உண்டா? சம்பளம் வராவிட்டால் எங்கே முறையிடுவது? வெளிநாட்டு அணி என்றால், 2007இல் அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைத்த நடுவர் மன்றத்தைப் பற்றிய வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்த மன்றத்தின் கதவைத் தட்ட முடியாது.

பிள்ளைக்கும் ஒரு கடமை உண்டு. ஆட்டக்காரரின் உடல் முப்பத்தைந்து வயதுவரை தாங்கினால் பெரிது. அதன் பிறகு இன்னும் நாற்பது ஆண்டு வாழ்ந்தாக வேண்டும். பள்ளிச் சான்றிதழோ, பயிற்றுநர் சான்றிதழோ, ஒரு கைத்தொழிலோ கையில் இருக்க வேண்டும்.

விளையாட்டு சோறு போடும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு போடும். அந்தச் சோற்றை உண்ணும் நாளிலேயே சொந்தக் கூரைக்கு மரம் தேடுகிறவன்தான் பிழைக்கிறான்.