மின்னஞ்சலுக்கு ஒரு வாயிற்காவல்

1978 மே மாதத்தில், அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில், ஒரு கணினிக் கம்பனியின் விளம்பரம் ஏறக்குறைய 400 பேருக்கு ஒருங்கே அனுப்பப்பட்டது. கேளாமல் வரும் மின்னஞ்சலின் வரலாறு அதனோடு தொடங்கிற்று எனலாம்.

1982 இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறை, அனுப்புநர் எழுதும் முகவரி மெய்யா பொய்யா என ஆராய்வதில்லை. கடித உறையின்மேல் எவர் பெயரையும் எழுதிவிடலாம் அன்றோ? அது போன்றதே இதுவும்.

ஆதலால், ஒரு நிறுவனத்தின் அஞ்சல் வழங்கி குப்பை அஞ்சலை ஏற்றுக்கொண்டு, பின்னர் திருப்பி அனுப்புதல் தவறாகும். திரும்பிய அஞ்சல், பொய்யாகப் பயன்படுத்தப்பட்ட முகவரிக்குரிய குற்றமற்ற ஒருவரையே சென்றடையும். அவ்வாறு அனுப்பும் வழங்கியும் பிறருடைய தடைப்பட்டியலில் இடம்பெறக்கூடும். எனவே, அனுப்பும் கணினியுடன் தொடர்பு நிலவும்போதே, 5 என்னும் இலக்கத்தில் தொடங்கும் மறுப்புக் குறியீட்டைக் கூறி, வாயிலிலேயே மறுத்தல் வேண்டும். தவறுதலாக மறுக்கப்பட்டவர் மெய்யான அனுப்புநராயின், அவருடைய வழங்கியே அவருக்கு அதனை அறிவிக்கும்.

ஏற்றுக்கொண்ட அஞ்சலை எவருக்கும் தெரியாமல் அழித்தல் இதனினும் தீது. வேலை கோரி ஒருவர் எழுதிய விண்ணப்பம் அவ்வாறு அழிந்தால், அவர் மறுமொழிக்காகக் காத்திருப்பார்; நிறுவனமோ அது வந்ததையே அறியாது. ஐயத்துக்குரியவற்றைச் சில நாட்கள் புறம்பாக வைத்து, அவற்றின் இணைப்புகளைத் திறவாமல், அனுப்புநரையும் பொருளையும் உரியவருக்குக் காட்டுதல் நன்று.

குப்பையைத் தடுத்தல் காவலின் ஒரு பாதி. நல்ல கடிதத்தை இழவாதிருத்தல் மறுபாதி.