கோடியக்கரை மணல்மேடுகள்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே சிறிது தூரம் போனால் கோடியக்கரை. வங்கக் கடல் திரும்பிப் பாக் நீரிணையாகும் முனை அது. அங்குள்ள மணல்மேடுகளில் உயரமானது இராமர் பாதம். அதன் உயரமே ஏறத்தாழ 4 மீட்டர்தான். மேடு என்று சொல்லவே தயக்கமாக இருக்கும்! ஆனால், பொழியும் மழைநீரை மணல் உறிஞ்சிக்கொள்கிறது. உப்புநீரைவிட எடை குறைந்த அந்த நன்னீர், அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடற்கரை மணற்காடுகள் பலவும் இந்த நன்னீரைக் குடித்தே வளர்கின்றன.

முக்கியமாக வெளிமான்களைக் காக்கவே 1967-இல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. புல்வெளியில் வெளிமான்களோடு, வளர்ப்பாரின்றித் திரியும் மட்டக்குதிரைகளும் மேயும். பார்க்க அழகுதான், ஆனால் மானின் புல்லுக்கு அவை போட்டி.

இங்கு வரும் பூநாரைகளைக் காண நவம்பர் முதல் ஜனவரி வரை ஏற்ற காலம். காலையிலேயே போய்விடுங்கள், தொலைநோக்கியை மறக்காதீர்கள். மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துவது அதன்மேல் படரும் கொடிகளின் வேர்கள். எனவே, நேயர்களே, பாதையை விட்டு விலகி மணல்மேடுகளில் ஏறாதீர்கள். நெகிழிப் பைகளையும் அங்கே விட்டுவராதீர்கள்.